மஹீரா பேரில் ஒரு மாணவி

மஹீரா செங்கல்பட்டு நீட் பயிற்சி விடுதிக்குக் கிளம்பியது ஜூன் பதினாறு, திங்கட்கிழமை. பஸ் ஏறும் முன் தன் போனை அம்மாவின் கையில் திணித்தாள். "நானே கேட்டாலும் தராதம்மா." விடுதியில் போனுக்கு அனுமதி கிடையாது. அதற்காகத்தான் அந்த விடுதியைத் தேடிப்பிடித்திருந்தாள்.

அம்மா சம்சாத் பேகம் கேளம்பாக்கம் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கிறார். பல்லிடுக்கில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே வாயாடுவார். இதுவரை ஒன்றைக்கூட விழுங்கியதில்லை.

அன்று மதியமே மெஷின் மேல் போன் ஒலித்தது: 'மஹீரா, நாற்பது நாள் விடாமல் படித்திருக்கிறாய். இன்று நிறுத்திவிடாதே.' பயிற்சி ஆப். ஒரு நாள் விட்டால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கிவிடும். மகள் நாற்பது நாள் பாடுபட்டதை ஒரே நாளில் போக்கடிக்க அவருக்கு மனம் வரவில்லை. பாடத்தை ஓடவிட்டு, வந்த கேள்விகளுக்கு ஏதோ ஒன்றைத் தொட்டுவைத்தார். மறுநாளும் தொட்டார். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது.

"இன்னா டாக்டரம்மா, இன்னிக்கு இன்னா பாடம்?" என்பார் கணவர் கியாசுதீன்.

"சும்மா கெடங்க. இது பொண்ணு பேரைச் சொல்லிக் கூப்ட்டுகினே கீது."

கிட்னி படத்தை மட்டும் சம்சாத் பேகம் தப்பில்லாமல் தொடுவார்.

புரியாத பாடத்தை நாலு தரம் போட்டுக் காட்டி மகளுக்குப் புரியவைத்தது இந்தப் போன்தான். ரேங்க் பட்டியலைப் பார்த்துவிட்டு, சோற்றைப் பாதியில் வைத்து அவள் அழுததும் இதனால்தான். "இது நல்லதா கெட்டதா, ஒண்ணும் வெளங்கல" என்று பிளவுஸ் தைக்க வருகிறவர்களிடம் கேட்பார். அவர்கள் தங்கள் பிள்ளைகளின் கதையைச் சொல்லி, குழப்பத்தை இன்னும் கூட்டிவிட்டுப் போவார்கள்.

நவம்பர் கடைசியில் வார்டனின் எண்ணிலிருந்து அதே போனுக்கு ஒரு செய்தி வந்தது. எழுதியிருந்தவள் மஹீரா.

'அம்மா, நான் போன் ஒளிச்சு வச்சிருக்கேன்னு பெட்டியைக் கொட்டித் தேடினாங்க. தெனமும் வூட்லேர்ந்து கிளாசுக்கு வந்து போற பொண்ணு ஒருத்தி, ஆப் ரேங்க் லிஸ்ட்ல தினமும் என் பேரப் பாத்துட்டு வார்டன்கிட்ட சொல்லிட்டா. அது நான் இல்லன்னு சொன்னா யாரும் நம்பல. வெளிய அனுப்பிடுவாங்களாம். இங்கதாம்மா நிம்மதியா தூங்குறேன். என் பேர்ல யாரும்மா படிக்கிறது?'

சம்சாத் பேகம் எழுத்துக்கூட்டி, 'நான்தான்' என்று அனுப்பினார்.

உடனே திரையில் எட்டிப்பார்த்தது: 'மஹீரா, இருநூற்று ஆறாவது நாள். ஒரே ஒரு கேள்வி பாக்கி.'

போனைக் கவிழ்த்து வைத்து, மேலே ஒரு வெட்டுத்துணியைப் போட்டார். மெஷினில் காலை வைத்தவர், மிதிக்காமல், துணியின் ஓரத்தை மெல்லத் தூக்கிப் பார்த்தார்.