பூர்ணிமாவின் ஒற்றை நிறம்

பூர்ணிமாவோடு சண்டை போடாமல் அவளோடு வேலை செய்ய முடியாது. இதைச் சொல்ல எனக்கு முழு உரிமை உண்டு. அவள் எடுத்த பாட்டு வீடியோவில் பாடியதும் நான், நடித்ததும் நான். என் பெயர் மதிவதனி. விருத்தாசலத்தில் நாங்கள் இருவரும் செராமிக் டிப்ளமோ கடைசி வருடம்.

மாணவர்களுக்கான மாநிலப் போட்டி அது. ஒரு கல்லூரிக்கு ஒரு வீடியோதான். எங்கள் வகுப்புத் திலீபனும் ஒன்று எடுத்துக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டையும் பார்த்து ஒன்றை அனுப்புவோம் என்று ஆசிரியர்கள் சொல்லியிருந்தார்கள். படிப்பு முடிந்ததும் படம் எடுக்கும் வேலைக்குத்தான் போவேன் என்று பூர்ணிமா வீட்டில் சொல்லியிருந்தாள். அவள் அப்பா கோவிந்தராசு வேப்பூரில் ஹைவே ஓரம் பரோட்டாக் கடை வைத்திருக்கிறார். “நீ எடுத்தது எதுனா நாலு பேரு பாத்தாங்கன்னா காட்டு, அப்புறம் பேசலாம்” என்று அவர் முடித்துவிட்டார். காட்ட அவளிடம் ஒன்றுமில்லை. இந்த வீடியோ போனால்தான் உண்டு.

திலீபனிடம் ட்ரோன் இருந்தது, புகை மிஷின் இருந்தது, பாட்டு முடிவதற்குள் மாற்ற ஏழு சட்டை இருந்தது. எங்களிடம் ஒரு போனும் ஒரு ஸ்டூலும். எனக்காவது நல்ல சுடிதார் கொடு, கொஞ்சம் மேக்கப் போடவிடு என்று கெஞ்சினேன். சாம்பல் நிற லேப் கோட்டை நீட்டினாள். என் தலையில் இருந்த பச்சை கிளிப்பைக்கூடக் கழற்றச் சொன்னாள். பின்னால் கிடந்த சிவப்பு பக்கெட்டைத் தானே தூக்கிக்கொண்டுபோய் வெளியே வைத்தாள்.

“கடையில உக்காந்து லாரி பாத்தே வளந்தவ நான். ஓடுற லாரியில பத்து கலரு இருந்தா ஒண்ணும் நிக்காது. ஒரே கலரு இருந்தா அது வேப்பூரு தாண்டியும் கண்ணுல இருக்கும்” என்றாள்.

அவள் தேர்ந்தெடுத்த ஒரே கலர் ரோஸ். செராமிக் பேட்டையில் ஜெயராஜ் சாரின் பட்டறையில் நூற்றிருபது பீங்கான் குருவிகள் பூச்சு காய்ந்துகொண்டிருந்தன. அந்தப் பூச்சு வேகாதவரை வெளிர் ரோஸ். சூளையில் வெந்து வெளியே வந்தால் பளபளவென்று கருநீலம். இரண்டு நாளைக்கு இரவல் கேட்டோம், சார் சரியென்றார். சாம்பல் சுவர், சாம்பல் கோட்டு, என்னைச் சுற்றிப் பலகை பலகையாக ரோஸ் குருவிகள். கேமரா அசையாது, ஃபில்டர் கிடையாது. திங்கட்கிழமை பாட்டில் பாதி முடிந்தது. போனில் பார்த்தபோது எனக்கு மேக்கப் ஆசையே போய்விட்டது. அதை அவளிடம் சொல்லவில்லை.

அன்று போகும்போது இடத்தைச் சுத்தமாக விட வேண்டும் என்று பலகைகளை எடுத்து அடுக்கினாள். எங்கே? சூளை வாசலுக்கு இடப்பக்கம். வேறு படிப்பு படித்தவள் என்றால் இருந்த இடத்திலேயே விட்டிருப்பாள். இவள் செராமிக் படித்தவள், கை தானாக அங்கே போய்விட்டது. சூளை வாசலில் இடப்பக்கம் பலகை இருந்தால் யாரும் யாரையும் எதுவும் கேட்க மாட்டார்கள். அது உள்ளே போகும்.

மறுநாள் காலையில் போனால் வாசல் காலி. சூளை எரிந்துகொண்டிருந்தது. சூளை ஏற்றும் தர்மராஜ் அண்ணன் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

“பலகை வாசல்ல இருந்திச்சும்மா, ஏத்திட்டேன். வியாழக்கிழம பிரிச்சிடலாம்.”

அவர்மேல் என்ன தப்பு? அவள்தான் வைத்தாள். நான் அந்த இடத்திலேயே கத்தினேன். உன் சுத்தமும் நீயும், திலீபன் ட்ரோன் விட்டு ஜெயித்துவிட்டுப் போகப்போகிறான், நாம் பாதிப் பாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். பூர்ணிமா கீழே உட்கார்ந்துவிட்டாள். அப்பாவிடம் என்ன சொல்வேன் என்று ஒரு தடவை கேட்டாள். எனக்குப் பாவமாகப் போய்விட்டது. டீ வாங்கிவந்து கொடுத்தேன்.

பாதி டீயில் நிமிர்ந்தாள்.

“மதி, உன் பாட்டுல கோவம் எங்க ஆரம்பிக்குது?”

நாங்கள் நிறுத்திய இடத்துக்கு அடுத்த வரியில். பாட்டில் வரும் பெண் அதுவரை மற்றவர்கள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாள். அதற்குப் பிறகு கேட்க மாட்டாள்.

“அப்ப நீலம் வரட்டும். ரோஸ்லேருந்து மாறுற இடத்தைக் காட்ட ஒரே ஒரு குருவி இருந்திருந்தா போதும். அதான் இல்ல” என்றாள்.

நான் பையைத் திறந்தேன். முந்தின நாள் அழகாக இருக்கிறதே என்று ஒரு குருவியைத் துப்பட்டாவில் சுற்றித் திருடிக்கொண்டு போயிருந்தேன். திருப்பி வைக்கத்தான் எடுத்துவந்தேன், சத்தியமாக. பூர்ணிமா திட்டுவாள் என்று பார்த்தால் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

வியாழன் மதியம் சூளையைப் பிரித்தார்கள். மூன்றில் வெடிப்பு, மற்றதெல்லாம் கண்ணைப் பறிக்கிற நீலம். திங்களன்று தரையில் போட்ட சாக்பீஸ் குறியில் ஸ்டூலை வைத்து அதன்மேல் போனை நிறுத்தினாள். நான் உள்ளங்கையில் ரோஸ் குருவியை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றேன். அதை எடுத்துவிட்டு அதே இடத்தில் நீலக் குருவியை வைத்தாள். இன்னும் இளஞ்சூடு இருந்தது. கையில் ரோஸ் பவுடர் அப்படியே ஒட்டியிருந்தது. துடைக்கப் போனேன்.

“கையத் தொடச்ச, கொன்னுடுவேன்” என்றாள்.

துடைக்கவில்லை. நடுவில் எடுத்து வைத்ததை வெட்டிவிட்டாள். பாட்டு கோபத்தில் ஏறுகிற அந்த இடத்தில் என் கையில் குருவி ஒரு நொடியில் நிறம் மாறுகிறது, கை மட்டும் ரோஸாகவே இருக்கிறது. வெள்ளிக்கிழமை வகுப்பறையில் அந்த இடத்தை இன்னொரு தடவை போடச் சொன்னார்கள். அதன் பிறகு ஆசிரியர்கள் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை, எங்கள் வீடியோதான் போனது. பூர்ணிமா அங்கேயே அதை அப்பாவுக்கு அனுப்பினாள். கடையில் நிற்கிற டிரைவர்களுக்கெல்லாம் காட்டுகிறேன் என்று அவர் பதில் போட்டார்.

வெளியே வரும்போது திலீபன் அவளை நிறுத்தினான். நல்ல பையன், பொறாமைப்படத் தெரியாது.

“அந்த நீலத்துக்கு எந்த ஃபில்டர் போட்ட? ஆப் பேரு சொல்லேன்.”

பூர்ணிமா பையை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

“ஆயிரத்து எரநூறு டிகிரி.”