மஞ்சள் தண்ணீரும் சீமெண்ணெயும்

பெட்ரோல் வாடையோடு மஞ்சள் தண்ணீரும் சூடப் புகையும் கலந்தால் ஒரு மணம் வரும். கறம்பக்குடியில் நான் ஆரம்பப் பள்ளியில் படித்த நாட்களில் அதுதான் எனக்கு வெள்ளிக்கிழமைக் காலை. என் அப்பா ஓட்டிய பழைய பெட்ரோல் காரின் முன்பக்கத்திலிருந்து அது எழும். காலையில் என்னையும் தெருப் பிள்ளைகளையும் பள்ளியில் இறக்கிவிட்டு, பிறகு கல்யாணம், ஆஸ்பத்திரி என்று வாடகைக்கு ஓடும் கார். அது அப்பாவுடையது அல்ல, ஜவுளிக்கடை முதலாளியுடையது.

ஒரு வருடம் பனி தொடங்கியதும், காலையில் கிளப்பும்போது சில நாள் அது குலுங்க ஆரம்பித்தது. நான்கு சிலிண்டர்களில் ஒன்று வெடிக்காமல் விட்டுப்போவதை "மிஸ் அடிக்குது" என்பார் அப்பா. பள்ளிக்கூட வாசலை அடைவதற்குள் சூடேறிச் சரியாகிவிடும் என்பதால், பட்டறைக்குப் போகும்போது குறையே தெரியாது. மெக்கானிக், தீப்பொறி தரும் பிளக்குகளைக் கழற்றித் துடைத்தார், பிறகு புதிதாகவும் மாற்றினார். மறுபடியும் ஒரு காலையில் குலுங்கியது.

முதலாளி, துணி எடுக்க வந்தவர்கள் முன்னால் கடைவாசலில் வைத்தே கேட்டார்: "டேங்க்ல சீமெண்ணெய ஊத்திட்டு, பெட்ரோல யாருக்குப்பா விக்கிறே? இன்னொரு வாட்டி குலுங்குச்சுன்னா சாவிய வாங்கிருவேன்." பெட்ரோலைத் திருடி மண்ணெண்ணெய் கலந்த ஓட்டுநர்கள் அக்காலத்தில் இருந்தார்கள் என்பது உண்மைதான். அப்பா அவர்களில் ஒருவர் என்பதற்கு என்ன ஆதாரம் என்று அங்கே நின்றவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. மறுநாள் பள்ளியில் என் பெயர் மாறியிருந்தது. "ஏ சீமெண்ணெய், அங்கிட்டு தள்ளி ஒக்காரு. தீப்பெட்டி ஒரசுனா பத்திக்குவே."

விஷயத்தைப் பிடித்தது அம்மா. கார், முதலாளி வீட்டுக் கொட்டகையில் நிற்கும். எங்கள் வீடு அதன் பின்தெருவில் இருந்தது. வாசல் பெருக்கும்போது கார் கிளம்பும் சத்தம் அம்மாவுக்கு அன்றாடம் கேட்கும். "ஏங்க, இது வெள்ளிக்கிழம மட்டும்தானே இருமுது? சீமெண்ணெயா இருந்தா அதுக்கு மத்த நாளெல்லாம் லீவா?"

வெள்ளிக்கிழமையானால் எல்லோரும் வண்டியின் முகப்புக்குப் பொட்டு வைத்துச் சூடம் காட்டுவார்கள். எங்கள் முதலாளிக்கு அது போதாது. ஓடுவது எஞ்சின்தானே என்று பானெட்டைத் திறக்கச் சொல்லி, கார் கிளம்புமுன் மாவிலையால் செம்பிலிருந்து மஞ்சள் தண்ணீரை உள்ளே தாராளமாகத் தெளிப்பார்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் தெளித்தார், காரும் குலுங்கியது. நான் புத்தகப் பையோடு பின்சீட்டில் இருந்தேன். அப்பா எஞ்சினை நிறுத்திவிட்டு, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினார். அதில் மயிரிழைபோல் ஒரு விரிசல். உள்ளே துண்டால் துடைத்து மாட்டிச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒரு விக்கல் இல்லாமல் ஓடியது. துண்டில் மஞ்சள் கறை.

"தண்ணி உள்ள எறங்கிருக்குங்க மொதலாளி. மூடிய மாத்துற வரைக்கும் எஞ்சினுக்குத் தெளிக்க வேணாம்."

முதலாளி துண்டைப் பார்த்தார். ஓடிக்கொண்டிருந்த எஞ்சினையும் பார்த்தார். "நீ பண்ணுன திருட்டுக்கு சாமி தண்ணியவா குத்தம் சொல்றே? சாவிய வச்சிட்டு எறங்கு."

அப்பா என்னை நடத்தியே பள்ளிக்குக் கூட்டிப்போனார். சீமெண்ணெய் கலந்ததாகச் சந்தேகப்பட்டபோதுகூட வேலையில் வைத்திருந்த மனிதர், கலக்கவில்லை என்பது கண்முன்னால் தெரிந்த காலையில் அவரை வெளியே அனுப்பினார். அதைவிட என்னால் இன்றும் பொறுக்க முடியாதது அதன்பின் நடந்தது. புது ஓட்டுநர் வந்ததும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி சத்தமில்லாமல் மாற்றப்பட்டது. யார் சொல்லி மாற்றினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கார் குலுங்குவது நின்றது. திருடன் போனதும் வண்டி தேறிவிட்டது என்று கடைத்தெரு பேசியது. அப்பாவை நம்பி இன்னொரு காரைக் கொடுக்க ஊரில் ஆளில்லாமல், அவர் வெளியூர் லாரியில் ஏறினார். அதன்பிறகு நாங்கள் அவரை விருந்தாளி போலத்தான் பார்த்தோம். எனக்கு அந்தப் பெயர் பள்ளி முடியும்வரை இருந்தது.

இப்போதைய கார்களில் டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பக் காலையில் இழுத்துவிடும் சோக் குமிழும் இல்லை. போன மாதம் புதுக்கோட்டையில் என் காரைச் சர்வீசுக்கு விட்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற காரில் ஒரு சிறு கருவியைச் செருகினார்கள். எந்தச் சிலிண்டர் மிஸ் ஆகிறது என்று திரை சொன்னது. ஏன் என்று அது சொல்லவில்லை. அதைத் தெரிந்துகொள்ளும்வரை காரின் சொந்தக்காரர் பொறுத்திருக்கவும் இல்லை.

"எந்த பங்க்ல எதப் போட்டுத் தொலச்சே?" என்றார் தன் ஓட்டுநரிடம்.

"காலையில மட்டுந்தான் சார். செத்த நேரம் ஓடுனா சரியாயிடுதுங்க."

சொந்தக்காரர் அதற்குள் போனில் பேச ஆரம்பித்திருந்தார். நான் ஓட்டுநரிடம் கேட்டேன்: "எல்லா நாளுமா, இல்ல சில நாள் மட்டுமா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்கதான் மேடம் மொதல்ல கேக்குறீங்க."