மூன்றாம் பாதையின் பட்ட மரம்

அந்த மலையடிவாரத்தில் நடந்து ஏறுகிறவர்களுக்கென்று ஐந்து பாதைகள் இருக்கின்றன. ஐந்துக்கும் சேர்த்துக் காவலர் ஒரே ஒருவர்தான். அலுவலகத் தாளில் ‘பாதைக் காவலர்’ என்று போட்டிருக்கும். மலை பார்க்க வருகிறவர்களுக்கும், வாரம் ஒருமுறை காய்கறி கொண்டுவரும் வேன்காரருக்கும் அவர் வெறும் பாதைக்காரர். புதர் வெட்டுவார், மழைத்தண்ணீர் வடியக் கால்வாய் இழுத்துவிடுவார், பெயர்ந்த படிக்கல்லைத் திரும்பப் பதிப்பார். காலையில் கேட்டில் பெயர் எழுதிக்கொண்டு உள்ளே விட்டவர்கள் மாலைக்குள் திரும்பிவிட்டார்களா என்று தலையை எண்ணுவார். ஒரு தலை குறைந்தால் தேடிக்கொண்டு போவார். பதினோரு வருடமாக இதுதான் பிழைப்பு.

கேட்டை ஒட்டி அவருக்கு ஓர் அறையும் ஒரு சமையலறையும் கொடுத்திருந்தார்கள். அறையின் ஒரே ஜன்னல் மலையைப் பார்த்து இருக்கும். பெயர் எழுத வருகிறவர்கள் அதை எட்டிப் பார்த்துவிட்டு, கொடுத்து வைத்த மனிதர் என்று சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். அவரும் மரியாதைக்குத் தலையாட்டுவார். ஆனால் அந்த ஜன்னலில் எப்போதும் அவருடைய ஈரத்துண்டு தொங்கும். அவருக்கு அந்த மலை, கதவைச் சாத்திவிட்டு அதன் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்ட ஆளைப் போலத்தான் தெரிந்தது. மனைவியும் மகளும் இருக்கிற நகரம் நேர் எதிர்த்திசையில், பஸ்ஸில் ஆறு மணி நேரம். அந்தப் பக்கத்துச் சுவரில் ஒரு ஜன்னல் வைக்கக் கட்டியவர்களுக்குத் தோன்றவில்லை.

மனைவி நகரத்து மருத்துவமனையில் நர்ஸ். மலையடிவாரத்தில் மருத்துவமனையும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. மகளுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது இங்கே வந்தவர், மாதத்தில் இரண்டு நாள் மட்டும் அப்பாவாக இருந்து அவளைப் பத்தாம் வகுப்பு வரை கொண்டுவந்துவிட்டார். அந்த இரண்டு நாளும் வீட்டில் அவருக்கு நல்ல தட்டை எடுத்துக் கழுவி வைப்பார்கள். விருந்தாளிக்கு வைப்பது போல. அதுதான் அவருக்கு உறுத்தும். பன்னிரண்டாவது முடித்தால் மகள் விடுதிக்குப் போய்விடுவாள். அதற்குள் ஒரு வருடமாவது அவளோடு ஒரே கூரையின் கீழ் இருந்துவிட வேண்டும். அவர் வேறெதையும் கேட்கவில்லை.

ஏழு முறை டிரான்ஸ்ஃபர் கேட்டு எழுதினார். அவர் இடத்துக்கு இரண்டு பேரை அனுப்பியும் பார்த்தார்கள். முதல் ஆள் அட்டைக்கடிக்குப் பயந்து ஒன்பதாம் நாள் மூட்டை கட்டினார். இரண்டாவது ஆள், காணாமல் போனவர்களைத் தேடப் போய் அவரே காணாமல் போக, பாதைக்காரர் போய் அவரையும் சேர்த்துக் கூட்டிவந்தார். எட்டாவது மனுவைப் பெரிய ஆபீசர் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் இரக்கத்தோடுதான் பேசினார்.

“உங்க தலைக்குள்ள இருக்கறது அத்தனையும் காகிதத்துல இருந்தா நான் எதுக்குங்க உங்களைப் பிடிச்சு வெக்கப் போறேன்?”

இதைக் கேட்டதும் பாதைக்காரருக்குக் கண் திறந்தது. எழுதிவிட்டால் போச்சு! ஆனால் அவர் கையெழுத்து அவருக்கே மறுநாள் புரியாது. அதனால் மகளைப் பிடித்தார். அவளுக்கு அப்போது கோடை விடுமுறை. சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் தண்ணீர்த் தொட்டியின் மேல்மூடி. தினமும் மாலை ஆறு மணிக்கு அதன்மேல் ஏறி உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல, நகரத்தில் அவள் நோட்டில் எழுதினாள்.

சும்மா எழுதவில்லை. வக்கீல் குறுக்கு விசாரணை செய்வதுபோலக் கேட்டாள். இடது பக்கம் என்றால் ஏறும்போது இடதா, இறங்கும்போது இடதா? கொஞ்ச தூரம் என்றால் எத்தனை நிமிஷம்? பெரிய பாறை என்றால் எதைவிடப் பெரியது? அவர் திணறிப்போய் மறுநாள் காலையில் அந்த இடத்துக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்வார். பதினோரு வருடத்தில் அவர்கள் இருவரும் இவ்வளவு பேசியது கிடையாது. மூன்றாம் பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் ஒரு பட்ட மரம் நின்றது, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி. ‘இந்த மரம் கண்ணில் பட்டதும் வலது பக்கம் திரும்பவும். அதுவரை வேறு எங்கும் திரும்ப வேண்டாம்’ என்று அவள் எழுதினாள். சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

அலுவலகம் அதைக் கையடக்கப் புத்தகமாக அச்சடித்துக் கேட்டில் வைத்தது. பெரிய ஆபீசர் ஒரு நிபந்தனை போட்டார். ஒரு சீசன் பார்ப்போம். யாரையும் தேடிப் போகும்படி ஆகாமல், புத்தகத்தை வைத்துக்கொண்டே எல்லோரும் போய்வந்துவிட்டால், சீசன் முடிகிற அன்றே டிரான்ஸ்ஃபர். தேடிப் போனால் அதைத் தேடல் ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். அந்தப் பக்கம் வெள்ளையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஐந்து மாத சீசன். பாதைக்காரர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். ஒரு முள் கால்சட்டையை இழுக்கக்கூடாது, ஒரு கல் வழுக்கக்கூடாது. நான்கு மாதம் போயிற்று. ஒருவரும் தொலையவில்லை. ஐந்தாம் மாதக் கடைசியில் அடித்த காற்றில் மூன்றாம் பாதையின் பட்ட மரம் வழியை மறித்து விழுந்தது. அவர் விடுவாரா? அன்றைக்கே மரம் அறுக்கும் வாளைக் கொண்டுபோய்த் துண்டு துண்டாக அறுத்து, துண்டுகளைப் பள்ளத்தில் உருட்டிவிட்டு, யார் காலும் தடுக்கக்கூடாதென்று அடிக்கட்டையையும் தரையோடு தரையாக அறுத்து, மேலே மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டு வந்தார். அங்கே மரம் இருந்ததற்கான அடையாளமே இல்லை. வேலை சுத்தமாக முடிந்த திருப்தியில் அன்று நன்றாகத் தூங்கினார்.

சீசன் முடிய நான்கு நாள் இருக்கும்போது, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு வாத்தியாரும் அவர் மனைவியும் வந்தார்கள். மூன்றாம் பாதை. மூன்று மணிக்குத் திரும்பியிருக்க வேண்டும். நான்கு ஆயிற்று, நான்கரை ஆயிற்று. பாதைக்காரர் டார்ச்சை எடுத்தார். ஓடினார். பாதை பிரிகிற இடத்தைத் தாண்டி, யாரும் போகாத மாட்டுத்தடத்தில் வெகுதூரம் போய், செங்குத்தான ஒரு சரிவின் விளிம்பில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியார் மனைவிக்குக் கணுக்கால் வீங்கியிருந்தது. வாத்தியார் கையில் புத்தகம் விரித்தபடி இருந்தது.

“இதுல போட்டிருக்கற மரம் வரவே இல்லீங்க. அது வர்ற வரைக்கும் திரும்ப வேண்டாம்னு போட்டிருக்கு. அதான் போய்க்கிட்டே இருந்தோம்.”

பாதைக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று சும்மா சொல்வதில்லை. அவர் தன் கையால் தன் வாளால் வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாவைத் தோளில் தாங்கி இறக்கிக்கொண்டு வரும் வழியெல்லாம் அவருக்குள் ஒரே போராட்டம். கேட்டுக்கு வந்ததும் தயங்கித் தயங்கி, இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வாத்தியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தார். ரிஜிஸ்டரில் அன்றைய பக்கம் வெள்ளையாகவே இருந்தது. பதினோரு வருடத்தில் அவர் எழுதாமல் விட்ட முதல் தேடல் அது. மறுநாள் காலை முதல் வேலையாக, பாதை பிரியும் இடத்துப் பாறையில் ஆள் உயரத்துக்கு ஓர் அம்புக்குறி போட்டார். மாலையில் தொட்டியின் மேல் ஏறி மகளிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னார். அவள், எழுதாதது எழுதாததாகவே இருக்கட்டும் என்றாள்.

சீசன் முடிந்து இரண்டாம் வாரம் பெரிய ஆபீசர் கூப்பிட்டனுப்பினார். பாதைக்காரர் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, பெட்டியையும் கட்டி வைத்துவிட்டுத்தான் நகரத்துக்குப் போனார். ஆபீசர் எழுந்து வந்து கை கொடுத்தார். மேஜையில் ஒரு கடிதம் இருந்தது. வாத்தியார் கடிதம். நான்கு பக்கம், முத்து முத்தான கையெழுத்து. வாக்குத் தவறாத மனிதர் அவர். ‘நாங்கள் வழி தவறியதைப் பற்றி யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்களித்திருப்பதால், அதைப் பற்றி இங்கே எதுவும் எழுதவில்லை’ என்று ஆரம்பித்து, பாதைக்காரர் வந்திராவிட்டால் இருவரும் உயிரோடு திரும்பியிருக்க முடியாது என்று மூன்று பக்கம் எழுதியிருந்தார். இந்த மனிதரை எக்காரணம் கொண்டும் அங்கிருந்து மாற்றிவிடாதீர்கள் என்று கடைசிப் பக்கத்தில் கெஞ்சியிருந்தார்.

ரிஜிஸ்டரில் ஒரு வரிகூடப் போட்டுக்கொள்ளாத தன்னடக்கத்தை ஆபீசர் மெச்சினார். பாதைக்காரருக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

“ஐயா, அவங்க வழிக்கு அடையாளமாப் போட்டிருந்த மரத்தை வெட்டினதே நான்தாங்க. தப்பு என்னுது.”

ஆபீசர் கொஞ்சமும் கோபப்படவில்லை. சந்தோஷமாகச் சிரித்தார்.

“பாத்தீங்களா? அங்க மரம் இருந்துச்சு, இப்ப இல்லைங்கறது உங்க ஒருத்தருக்குத்தான் தெரிஞ்சிருக்கு. புத்தகத்துக்கு எப்படிங்க தெரியும்?”

கடிதம் மேலிடம் வரை போய்விட்டது. முதுநிலைப் பாதைக் காவலர் என்று பதவி உயர்வு. அதே இடத்தில் இன்னும் மூன்று வருடம். உத்தரவை உறையில் போட்டு, ஆபீசரே கதவு வரை வந்து வழியனுப்பினார்.

மனைவி அன்று பகல் ஷிப்டில் இருந்தாள். மகள்தான் கதவைத் திறந்தாள். உறையைப் பிரித்து, நின்றபடியே படித்தாள். மூன்று வருடம் என்ற இடத்தில் அவள் விரல் நின்றது. அழுவாள், இல்லை ஆபீசரைத் திட்டுவாள் என்று அவர் காத்திருந்தார். அவள் தாளை மடித்துப் பழையபடி உறைக்குள் வைத்தாள்.

“மரம் விழுந்துட்டா என்ன பண்றதுன்னு நான் உங்களைக் கேட்டிருக்கணும்பா. எல்லாத்தையும் கேட்டேன். அதைக் கேக்காம விட்டுட்டேன்.”

அவருக்குச் சுருக்கென்றது. உத்தரவைப் படித்தபோதுகூட இப்படி இருக்கவில்லை. தப்பு அவளுடையது இல்லை என்று சொன்னார். இரண்டாவது முறையும் சொன்னார். அவள் சரிப்பா என்று தலையாட்டினாள். பார்வையாளர்கள் ஜன்னலைப் புகழும்போது அவர் தலையாட்டுவாரே, அச்சு அசல் அதே மாதிரி. பிறகு சமையலறைக்குள் போய், அவருக்கென்று வைத்திருந்த நல்ல தட்டை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள்.