பச்சைப் பொட்டு

டெஸ்மண்ட் டோலிவர் கழுத்தைத் திருப்ப வேண்டுமென்றால் உடம்பையே திருப்ப வேண்டும். அமெரிக்கன் ஃபுட்பாலில் பத்து வருஷம் லைன்பேக்கராக நடுவில் நின்று, பந்தோடு ஓடி வருகிறவனையெல்லாம் நெஞ்சைக் கொடுத்து மோதிச் சாய்த்தால் வேறென்ன மிஞ்சும்? ஆனாலும் ஒஹையோவின் ஆகஸ்ட் வெயிலில், பயிற்சி மைதானத்து ஓரத்தில், டிவிக்காரப் பெண் மைக்கை நீட்டியதும் மனுஷன் நிமிர்ந்துவிட்டான்.

"வர்ற சீசன் எப்படி இருக்கும்?"

"இதுவரைக்கும் ஆடினதெல்லாம் ஒத்திகைன்னு வெச்சுக்கோங்க. எங்க டிஃபென்ஸுக்கு நான்தான் வாய். நான் சொன்னாத்தான் மத்தவங்க நகருவாங்க."

பீற்றல் இல்லை. தடுத்து ஆடும் பதினொரு பேரில் ஒருவன் ஹெல்மெட்டுக்குள் மட்டும்தான் ரேடியோ. கோச் ஓரத்திலிருந்து சொல்வது அவன் காதில் விழும், அவன் மற்றவர்களுக்குச் சொல்வான். அடையாளத்துக்கு ஹெல்மெட்டின் பின்பக்கம் ஒரு பச்சைப் பொட்டு. பல வருஷமாக அது டெஸ்மண்டுடையது. அதைத் தொட்டுப் பார்க்காமல் களத்தில் இறங்கமாட்டான்.

அன்று பேட்டி கொடுத்த மிதப்பில் தொட மறந்து, ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு ஓடினான். எல்லோரும் வட்டமாகக் கூடி நின்றார்கள். காதில் சத்தமே இல்லை. ஹெல்மெட்டைத் தட்டித் தட்டிப் பார்த்தான்.

"யோவ் ஏர்ல், ரேடியோ செத்துப்போச்சுய்யா! தூங்கிக்கிட்டே பேட்டரி போட்டியா?" என்று ஹெல்மெட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் ஏர்லை நோக்கிக் கத்தினான்.

யாரும் சிரிக்கவில்லை. அத்தனை பேரும் குனிந்து ஷூவைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது.

ஏர்ல் கிட்டே வந்தான். "ரேடியோ நல்லாத்தான் இருக்கு, டெஸ். உன்கிட்டதான் இல்ல. காலைலயே மாத்தச் சொல்லிட்டாங்க. கோச் உன்கிட்ட சொல்லியிருப்பார்னு நெனச்சேன்."

சொல்லவில்லை. கழுத்தையே கொடுத்தவனிடம் ஒரு வார்த்தை சொல்ல அந்தப் பெரிய மனுஷனுக்கு வாய் வரவில்லை.

இந்த வருஷம்தான் கல்லூரியிலிருந்து வந்த கெஸ்லரின் தலைக்குப் பின்னால் பச்சைப் பொட்டு பளிச்சென்றிருந்தது. கோச் காதில் சொன்னதைக் கெஸ்லர் திக்கித் திணறிச் சொன்னான். ஒன்பது தலைகள் அவன் பக்கம் திரும்பின. டெஸ்மண்ட் மட்டும் உடம்பையே திருப்பி நின்று கேட்டான்.

சாயங்காலம் மனைவி வெர்னிடா போன் செய்தாள்.

"டிவில பார்த்தேன்! எம் புருஷன் வாயைப் பாருங்கன்னு தெருவுக்கே போட்டுக் காட்டிட்டேன். இந்த சீசன் உன்னோடதுதான், இல்ல?"

"ஆமா."

"என்ன, தொண்டை கட்டியிருக்கு? ரொம்பக் கத்தினியா?"

"ஆமா," என்றான் டெஸ்மண்ட். "ரொம்பக் கத்திட்டேன்."

ஏர்லைக் கூப்பிட்டதற்குப் பிறகு அன்று முழுக்க மைதானத்தில் அவன் வாயே திறக்கவில்லை.