நஜீமா பெரியம்மாவிடம் சொல்லாத நோய்

பாலக்கரையில் எங்கள் தெருவில் ஒரு பெண் இறந்துபோனால் முதலில் பள்ளிவாசலுக்குத் தகவல் போகும். அடுத்து நஜீமா பெரியம்மா வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். இறந்த பெண்களைக் குளிப்பாட்டி, கஃபன் துணி உடுத்தி அனுப்பிவைப்பவர் அவர்தான். அதை வேலை என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. கூப்பிட்டவுடன் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பிவிடுவார். வாளியில் தண்ணீர் வந்ததும் முதலில் தன் புறங்கையில் ஊற்றிப் பார்ப்பார். சூடு கூடியிருந்தால் அடுப்படியில் நிற்பவர்களுக்குத் திட்டு விழும்.

“செத்தவளுக்கு எங்க தெரியப் போவுதுன்னு நெனக்காதீங்கடி. உங்க மேல ஊத்திப் பாருங்க.”

எங்கள் அடுத்த வீடுதான் அவருடையது. அவருக்கு நடந்தது எங்கள் தெருவில் இன்னும் பல வீடுகளில் நடக்கிறது. யாரும் அதைத் தவறு என்று நினைப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நான் பார்க்காத இடங்களை அவர் மருமகள் ஹஃப்ஸா அண்ணி சொல்லித் தெரிந்துகொண்டேன்.

பெரியம்மாவின் கணவர் இறந்து பல வருடங்கள் ஆகின்றன. மகன் சர்ஃபராஸ் மெயின்கார்டு கேட் பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறார். மகள் சம்ரீன் கணவர், குழந்தைகளோடு ஷார்ஜாவில் இருக்கிறார். போன மார்கழியில் பெரியம்மாவுக்குச் சாப்பாடு இறங்காமல் போனது. ஜாக்கெட்டெல்லாம் தொளதொளத்தது. மன்னார்புரம் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள்.

முடிவு சொல்லும் நாளில் சர்ஃபராஸும், பெரியம்மாவின் அண்ணன் கியாசுதீனும் டாக்டர் அறைக்குள் போனார்கள். பெரியம்மாவை வெளியே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எங்கள் வீடுகளில் அதுதான் வழக்கம். உடம்பு யாருக்குச் சரியில்லையோ அவர் வெளியே இருப்பார். மற்றவர்கள் உள்ளே போய்க் கேட்டு வருவார்கள்.

டாக்டர் ரஞ்சனி ஸ்ரீரங்கத்துக்காரர், வயது அதிகமில்லை. பேஷண்ட் எங்கே என்றுதான் அவர் முதலில் கேட்டிருக்கிறார். எங்களிடம் சொல்லுங்கள் போதும் என்றார் கியாசுதீன். இரைப்பையில் கேன்சர் என்றும், கொஞ்சம் பரவிவிட்டதால் உடனே ஆபரேஷன் செய்ய முடியாது என்றும், முதலில் மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம் என்றும் டாக்டர் சொன்னார். பிறகு, இதை அந்த அம்மாவிடம் நானே சொல்ல வேண்டும், அது அவர்கள் உரிமை என்றார்.

“எத்தனையோ மையித்தக் குளிப்பாட்டுனவதான் டாக்டர். ஆனா தன்னோடதுன்னு வந்தா தாங்க மாட்டா. உங்களக் கெஞ்சிக் கேக்குறேன்” என்றார் கியாசுதீன். சர்ஃபராஸ் அழுதுவிட்டார். கொஞ்ச நாளில் நீங்களே சொல்லிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு டாக்டர் விட்டுக்கொடுத்தார்.

பெரியம்மா உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதிர்ச் சுவரில் ஒரு பலகை உண்டு. நோயாளிகளின் உரிமைகளும் கடமைகளும் என்று தமிழில் எழுதியது. தன் நோய் என்ன என்று தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை என்று அதில் இருக்கிறது. மருத்துவரிடம் எதையும் மறைக்காமல் சொல்வது நோயாளியின் கடமை என்றும் இருக்கிறது. காத்திருந்த நேரத்தில் பெரியம்மா அதைப் படித்திருப்பார். அவருக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும்.

வெளியே வந்த மகன், “வயித்துல புண்ணும்மா. மாத்திரையிலயே ஆறிடுமாம்” என்றார். சம்ரீனுக்கும் அப்படியே சொன்னார்கள். உண்மை தெரிந்தால் பிள்ளைகளின் படிப்பை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாள் என்று பயம்.

மாத்திரையை எப்படிச் சாப்பிட வேண்டும் என்பதை மட்டும் டாக்டர் பெரியம்மாவிடமே விளக்கினார். பகலெல்லாம் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், வயிற்றாலே போனால் அன்றைக்கே வர வேண்டும் என்றார். பெரியம்மா தலையாட்டிக்கொண்டார். வயிற்றுப் புண்ணுக்கு இவ்வளவு பத்தியமா என்று வீட்டில் வந்து சிரித்தார்.

ரம்ஜான் வந்தது. நோன்பு வேண்டாம் மாமி என்று ஹஃப்ஸா அண்ணி சொல்லிப் பார்த்தார். “வயித்துப் புண்ணுக்கு எவளாவது நோன்ப விடுவாளா? நாளைக்கு அல்லாஹ்கிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?” என்றார் பெரியம்மா. சர்ஃபராஸ் கண்டித்த பிறகு, சரிப்பா, வைக்கவில்லை என்று ஒத்துக்கொண்டார். ஆனால் வைத்தார். விடியுமுன் ஸஹர் சாப்பாட்டு நேரத்தில் ஒரு வேளை மாத்திரை, நோன்பு திறந்த பிறகு ஒரு வேளை. மதியம் மருமகள் கொண்டுவந்து வைக்கும் கஞ்சி பூனைக்குப் போனது. சொம்புத் தண்ணீர் கொல்லையில் முருங்கை மரத்துக்குப் போனது. இடையில் வயிற்றாலேயும் போனது. சொன்னால் நோன்பை முறிக்கச் சொல்வார்கள் என்று சொல்லவில்லை.

டாக்டரிடம் போன அன்றும் நோன்போடுதான் போயிருந்தார். தண்ணீர் நன்றாகக் குடிக்கிறீர்களா என்று டாக்டர் கேட்டதற்கு, குடிக்கிறேம்மா என்றார். கூட இருந்த மகனும் ஆமாம் என்றார். அவர் அதை நம்பித்தான் சொன்னார்.

ரம்ஜான் பாதி தாண்டியிருக்கும். வெயில் ஏறிவிட்டிருந்தது. உறையூரில் பிரசவத்தில் ஒரு சின்னப் பெண் இறந்துபோய், பெரியம்மாவைக் கூப்பிட வந்தார்கள். சர்ஃபராஸ் கடையில் இருந்தார். அண்ணி தடுத்தும் கேட்காமல் பெரியம்மா ஆட்டோவில் ஏறிவிட்டார். அந்தப் பெண்ணைப் பாதி குளிப்பாட்டிக்கொண்டிருக்கும்போதே வாளிக்குப் பக்கத்தில் சாய்ந்து விழுந்தார்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்த உறையூர்ப் பெண்கள், அவர் நோன்போடு இருந்ததைச் சொன்னார்கள். தண்ணீர் இல்லாமல் சிறுநீரகம் கெட்டுவிட்டிருந்தது. இனி அந்த மாத்திரையைக் கொடுக்க முடியாது என்றார் டாக்டர். உங்கள் மாத்திரைதான் என் தங்கச்சியைக் கெடுத்தது என்று கியாசுதீன் நர்ஸைப் பிடித்துக் கத்த, பக்கத்துக் கட்டில்காரர்களெல்லாம் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். காவலாளி வந்து அவரை வெளியே கூட்டிப்போனார்.

டாக்டர் குரலை உயர்த்தவில்லை. சர்ஃபராஸிடம் மட்டும் சொன்னார்: “நீங்க அவங்ககிட்ட பொய் சொன்னீங்க. அவங்க என்கிட்ட பொய் சொன்னாங்க. நான் முதல் நாளே சொல்லியிருக்கணும்.”

உடனே சொல்லிவிடப் போகிறேன் என்றவரை, பெருநாள் மட்டும் கழியட்டும் என்று சர்ஃபராஸ் மறுபடி கெஞ்சினார். டாக்டர் மறுபடி விட்டுக்கொடுத்தார்.

சில நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். பெருநாள் கழிந்து மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, இருக்கிற மாத்திரைகளையெல்லாம் எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். பெரியம்மா அவற்றை மடியில் வைத்துக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஸ்ரீரங்கத்துப் பெரியவர் ஒருவர், பெயர் ரங்கநாதன். நெற்றியில் திருமண், தலையில் கம்பளிக் குல்லாய். பெருமாள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார், நான்தான் டோக்கன் வரவில்லை என்று தள்ளிப்போடுகிறேன் என்று அவர் சொன்னதற்குப் பெரியம்மா வாய்விட்டுச் சிரித்தாராம். அப்போதுதான் பெரியவர் பெரியம்மாவின் மடியிலிருந்த மாத்திரைகளைப் பார்த்தார்.

“உங்களுக்கும் இதேதானாம்மா? நேக்கும் இதுதான். கேன்சருக்கு இது நன்னா கேக்கும்னு டாக்டர் சொன்னா.”

ஹஃப்ஸா அண்ணி பக்கத்தில்தான் இருந்தார். பெரியம்மா முகத்தில் எதுவும் தெரியவில்லை. “ஆமாங்க, இதேதான்” என்றார். அந்தப் பெரியவர் மனம் நோகக் கூடாது என்று நினைத்திருப்பார். சிறிது நேரம் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் வழக்கம்போல சர்ஃபராஸ் முன்னால் எழுந்தார்.

“நீ இங்க உக்காருப்பா” என்றார் பெரியம்மா.

“இல்லம்மா, நான் போய்…”

“நாற்காலி நல்லாத்தான் இருக்கு. இத்தன நாளு நான் உக்காந்திருந்தேன்ல.”

மருமகளை மட்டும் அழைத்துக்கொண்டு உள்ளே போனார். எனக்கு என்ன நோய் என்று என்னிடம் சொல்லுங்கள் என்றார். டாக்டர் எதையும் மறைக்கவில்லை. நோயின் பெயர், பரவிய இடம், இனி செய்யக்கூடியது, செய்ய முடியாதது எல்லாவற்றையும் சொன்னார். காலம் அதிகமில்லை என்பதையும் சொன்னார்.

“நான் நோன்பு வைக்காம இருந்திருந்தா?”

“கொஞ்ச காலம் கூடக் கிடைச்சிருக்கலாம். உறுதியா சொல்ல முடியாதும்மா.”

பெரியம்மா மாத்திரைகளை மேசையில் வைத்தார். “நோயாளி நோன்ப விட்டுடலாம்னு அல்லாஹ்வே சொல்லியிருக்கான். நான் விட்டிருப்பேன். நான் நோயாளின்னு எனக்குத்தான் தெரியாமப் போச்சு.”

டயாலிசிஸ் செய்து பார்க்கலாம், அதனால் சில வாரங்கள் நீளலாம் என்றார் டாக்டர். வேண்டாம், வீட்டுக்குப் போகிறேன், வலிக்கு மட்டும் மருந்து கொடுங்கள் என்றார் பெரியம்மா. வெளியே வந்தபோது சர்ஃபராஸ் அந்த நாற்காலியிலேயே குனிந்து உட்கார்ந்திருந்தார். பெரியம்மா அவரைத் திட்டவில்லை. ஒன்று மட்டும் சொன்னார்.

“சம்ரீன வரச் சொல்லு. என்னய அவதான் குளிப்பாட்டணும். அதுக்கு முன்னாடி அவகூட உக்காந்து பேசணும்.”

அன்றைக்கே போன் போட்டார்கள். வயிற்றுப் புண் என்றீர்களே என்று சம்ரீன் கேட்டுக்கொண்டே இருந்ததாக அண்ணி சொன்னார். பெருநாள் விடுமுறைக்கு ஊர் வந்தவர்களும் போகிறவர்களும் சேர்ந்து திருச்சி விமானங்களெல்லாம் நிரம்பியிருந்தன. கிடைத்த முதல் டிக்கெட் அடுத்த வாரத்துக்குத்தான். தினமும் வீடியோவில் பேசினார்கள். சம்ரீன் அழுவார். பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். இதெல்லாம் போனில் பேசுகிற பேச்சு இல்லை, நீ வா என்பார். கடைசி இரண்டு நாள் அவருக்கு நினைவு தப்பிவிட்டது.

சம்ரீன் விமானம் ஏறுவதற்கு முன்பே பெரியம்மா இறந்துவிட்டார். எங்கள் வழக்கப்படி சீக்கிரம் அடக்கம் செய்ய வேண்டும். மகள் குளிப்பாட்ட வேண்டும் என்பது அவர் சொல்லிவிட்டுப் போனது என்பதால், மறுநாள் மதியம் லுஹர் தொழுகை வரை வைத்திருக்கப் பள்ளிவாசலில் ஒத்துக்கொண்டார்கள். காலையில் சம்ரீன் ஏர்போர்ட்டிலிருந்து நேராக வந்தார்.

கொல்லையில் துணி கட்டி மறைத்திருந்தது. தெருப் பெண்கள் வாளிகளோடு நின்றார்கள். எப்போதும் அது வேண்டும் இது வேண்டும் என்று சொல்கிறவர் குளிப்பாட்டும் கட்டையில் படுத்திருந்தார். யார் என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சம்ரீன் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு குவளைத் தண்ணீரை மொண்டு தன் புறங்கையில் ஊற்றினார். சூடு சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் இன்னொரு குவளை மொண்டு மறுபடி ஊற்றிப் பார்த்தார்.