இரைச்சல் என்று ஒதுக்கிய குரல்

இலங்கையின் பலாங்கொடைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் எழுதத் தெரியாதவர்கள் பேசியே முறைப்பாடு அனுப்ப, எங்கள் அரசாங்க அலுவலகத்துக்காக ஒரு செயலி செய்திருந்தேன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் மண்மேடு சரிந்துவிடும்போல் வெடிப்பு விட்டிருப்பதாக, ஒரு தோட்டத்தில் வேலை செய்யும் செல்வமணியக்கா மூன்று முறை பேசி அனுப்பினார். அலுவலகக் கணினியில் வெறும் இரைச்சல்தான் கேட்டது.

"இந்தத் தோட்டத்து ஆக்களுக்கு ஃபோன் பாவிக்கத் தெரியாது" என்றார் அதிகாரி. நானும் தோட்டத்தில் பிறந்தவன்தான். இருந்தும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். நினைத்தால் இன்றும் என் மீதே ஆத்திரம் வருகிறது.

மறுநாள் அக்கா கொழுந்து பறிக்கும் வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்தார். தன் கைபேசியை என் மேசையில் வைத்து ஒலிக்கவிட்டார். ஒவ்வொரு சொல்லும் தெளிவாக இருந்தது.

"நான் ஒழுங்காத்தாங்க பேசியிருக்கேன். ஒங்க மெஷினுக்குத்தான் காது கேக்கல. அதுக்கு என்னையவா கொறை சொல்லுவீங்க?"

அப்புறம்தான் என் நிரலைத் திறந்தேன். மற்றவர்களுடையதைப் போலன்றி அக்காவின் கைபேசி ஒலியைத் தசம எண்களாகப் பதிந்திருந்தது. கணினியில் எல்லாவற்றையும் முழு எண்களாக வாசிக்கும்படி நான்தான் எழுதியிருந்தேன்; அதனால்தான் பேச்சு இரைச்சலாகியிருந்தது. ஒரு வரியைத் திருத்தியதும் அக்காவின் குரல் கேட்டது.

பிழை என்னுடையது என்று அதிகாரியிடம் சொன்னேன். அன்று மாலையே மேட்டைப் பார்க்க ஆட்கள் போனார்கள். நான்கு குடும்பங்களைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள்.

அக்கா எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கூசிப்போயிருப்பேன்.