நகம் வெட்டச் சொன்ன டிரெசரின் பாடு

தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கும் டிரெசர் வேலை என்றால், நல்லதைச் சொல்லிவிட்டு அதற்கு ஏச்சும் வாங்கிக்கொள்கிற வேலை. என்னைப் போல மருந்துப் பெட்டி தூக்கியவர்களுக்கு இது தெரியும். ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவில், கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் நான் பட்டதைக் கேளுங்கள்.

தடவக் கொடுத்த எண்ணெய்

கொழுந்து பறிக்கும் அஞ்சலைக்குக் குளிரில் நகத்தைச் சுற்றித் தோல் உரியும். அதைப் பல்லால் கடித்து இழுப்பாள். "இழுக்காதே, சீழ் பிடிக்கும். கையை நல்லா துடைச்சிட்டு இதைத் தடவு" என்று, மிச்சமிருந்த தேங்காய் எண்ணெயில் கொஞ்சம் கொடுத்தேன். மறுநாள் பார்த்தால் விரலில் ரத்தம்! எண்ணெயில் மரவள்ளிக்கிழங்கு பொரித்துவிட்டாளாம். எனக்கு வந்ததே கோபம்! அவள் அசரவில்லை.

"நகம் பட்டினி கெடக்கும் ஐயா, பிள்ளைங்க கெடக்குமா?"

கவ்வாத்துக் கத்தி

அவள் புருஷன் கருப்பையா, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவன். ஒருநாள் கால் பெருவிரல் வீங்கி நொண்டிக்கொண்டு வந்தான். நகம் சதைக்குள் ஏறியிருந்தது. நகத்தை நேராக வெட்டு, மூலையைத் தோண்டாதே, காலை ஈரமில்லாமல் வை என்று தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்க் கத்தியிருக்கிறேன். "எதால்டா வெட்டினே?" என்றேன். இடுப்பிலிருந்த கவ்வாத்துக் கத்தியை உருவிக் காட்டினான். அடப்பாவி! எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவனோ சிரிக்கிறான்.

"செடியையே வெட்டித் தழைய வைக்கிறேன், நகமெல்லாம் சின்ன வேலைலா!"

ஆறக் கூடாத விரல்

தினமும் வெந்நீரில் உப்புப் போட்டு ஊறவைத்து, துடைத்து, கட்டுக் கட்டினேன். விரல் ஏறக்குறைய ஆறிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போதுதான் அஞ்சலை அழுதுகொண்டே ஓடிவந்தாள். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடிக்க வருகிறானாம். நொண்டிகளை மட்டும் விட்டுவிடுவான் என்று கங்காணி சொன்னாராம். முன்னே போனவர்களில் ஒருத்தரும் திரும்பவில்லை. இனி வைத்தியம் பார்க்காதே என்று உங்களிடம் யாராவது காலில் விழுந்திருக்கிறார்களா?

"அந்தப் புண்ணு இருக்கிற வரைக்கும்தான் ஐயா எனக்குப் புருஷன்."

கட்டை அவிழ்த்தபோது

வேறென்ன செய்ய? ஜப்பான்காரன் வருவதற்கு முந்தின நாள், ஆறின விரலுக்கே பெரிய கட்டாகப் போட்டு அனுப்பினேன். காலையில் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். ஜப்பான்காரன் நேராகக் கருப்பையாவிடம் வந்து, கட்டை அவிழ்க்கும்படி எனக்குக் கை காட்டினான். போச்சு, அவனோடு சேர்த்து நானும் தொலைந்தேன் என்று நினைத்துக்கொண்டே அவிழ்த்தேன்.

ஐயோ! விரலில் நகமே இல்லை. வெறும் சதையும் ரத்தமும். ஜப்பான்காரன் முகத்தைச் சுளித்து அவனை வரிசையிலிருந்து தள்ளிவிட்டான். வெறும் கட்டுப் போதாது என்று, கருப்பையா விடியற்காலையில் குறட்டால் நகத்தைத் தானே பிடுங்கிவிட்டு மறுபடி கட்டியிருக்கிறான். "ஏன்டா இப்படிப் பண்ணினே?" என்று அழாத குறையாகக் கேட்டேன்.

"நகம் மறுபடி மொளைக்கும் ஐயா, சயாமுக்குப் போன ஆளு மொளைப்பானா?"

நகத்தைக் காப்பாற்று என்று ஊருக்கெல்லாம் தொண்டை கிழியக் கத்தினவன் நான்; கடைசியில் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றினது என்னவோ நகமில்லாத விரல்தான்.